மருத்துவமனையில் இனப் பாகுபாட்டை அளந்து சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் தரமேம்பாட்டு வேலை பார்க்கிறேன். "எங்கள் பிரிவில் எல்லா இனத்தாருக்கும் ஒரே கவனிப்புதான் கிடைக்கிறதா?" என்ற கேள்வியை எடுத்து, விடை தேடி, இடைவெளியை அடைப்பது வரை ஓர் எமர்ஜென்சி பிரிவில் முழுதாகச் செய்து முடித்தோம். அதற்குப் பிறகு வேறு மூன்று குழுக்கள் இதே வேலையில் இறங்கியபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். மூன்றும் ஏறக்குறைய ஒரே இடங்களில் தடுக்கி விழுந்தன. அந்த இடங்களைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன். நர்ஸ், டாக்டர், தரவு பார்ப்பவர் என்று மருத்துவமனைக்குள் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

பெரிய தடுக்கல் வேலையின் வரிசையில் இருக்கிறது. பெரும்பாலானோர் பயிற்சி வகுப்பில் தொடங்கி, பிறகு கொஞ்சம் எண்களைப் பார்த்து, அப்படியே விட்டுவிடுகிறார்கள். நான் சொல்லப்போகும் வரிசையில் பயிற்சி கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும்.

இரண்டு சொற்களை மட்டும் இப்போதே பிரித்துவிடலாம். ஓர் இனத்தாரைப் பற்றி ஒருவர் தனக்கே தெரியாமல் வைத்திருக்கும் கணிப்பு, அவசரத்தில் முடிவெடுக்கும்போது எட்டிப் பார்த்தால் அது உள்ளார்ந்த சார்பு. விதி, கருவி, சூத்திரம், காப்பீடு, ஆள் பற்றாக்குறை வழியாக ஓர் இனத்தாருக்குத் தொடர்ந்து குறைவாகக் கிடைத்தால் அது கட்டமைப்புப் பாகுபாடு. அதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. இரண்டையும் சரிசெய்யும் வழி வேறு வேறு. எது எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குத்தான் கீழே உள்ள பாதிப் படிகள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. தரமேம்பாட்டுக்காக மருத்துவமனை தன் சொந்தப் பதிவுகளைப் பார்ப்பதை அமெரிக்கத் தனியுரிமைச் சட்டமான ஹிப்பா மருத்துவமனையின் அன்றாடச் செயல்பாடாகவே ஏற்கிறது. இருந்தாலும், இது ஆராய்ச்சியா தரமேம்பாடா என்று ஆய்வு நெறிக் குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் பிடிக்காதவர்கள் நடுவழியில் கேட்கும் முதல் கேள்வி "இதற்கு அனுமதி வாங்கினீர்களா?" என்பதுதான்.

அப்புறம் ஆட்கள். மின் பதிவேட்டிலிருந்து தரவு எடுக்கத் தெரிந்த ஒருவர். அந்தப் பிரிவில் இன்றும் டியூட்டி பார்க்கும் ஒரு நர்ஸ்; மேலாளர் பதவிக்குப் போய்விட்டவர் போதாது, களத்தில் எந்தக் கட்டத்தை யார் எப்போது நிரப்புகிறார்கள் என்று அவருக்கு மறந்திருக்கும். விதியை மாற்றும் அதிகாரம் உள்ள ஒரு டாக்டர். அங்கே நோயாளியாக இருந்த ஒருவர் அல்லது இருவர், அவர்களுடைய நேரத்துக்குச் சம்பளத்தோடு.

மூன்றாவதாக ஓர் எழுத்துபூர்வ வாக்குறுதி: தனிநபர் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. நான் பார்த்த ஒரு குழு, டாக்டர் வாரியாகப் பட்டியல் போட்டு ஒட்டிவிட்டது. அடுத்த மாதம் பதிவுகள் மட்டும் அழகாயின. வலி எண், மருந்து நேரம் எல்லாம் கச்சிதமாக நிரம்பியிருந்தன, நோயாளிகளின் காத்திருப்பு குறையவில்லை.

நான்காவது, எண்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது: எவ்வளவு இடைவெளி இருந்தால் செயலில் இறங்குவீர்கள்? "10 நிமிடத்துக்கு மேல் போனால் விதியை மாற்றுவோம்" என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்குங்கள். எண் வந்த பிறகு கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் கிடைக்கும்.

2. ஒரே ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள்

"எங்கள் மருத்துவமனையில் பாகுபாடு உண்டா?" என்ற கேள்விக்கு விடை கிடையாது, அவ்வளவு அகலமான கேள்வி அது. ஒரு முடிவை எடுங்கள். அது அடிக்கடி நடக்க வேண்டும். எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று பதிவேட்டில் நேரம் இருக்க வேண்டும். சரியான கவனிப்பு எது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இருக்கக் கூடாது.

நாங்கள் எடுத்தது எலும்பு முறிவு. கை, கால் நீள எலும்பு முறிந்து வருபவருக்கு முதல் வலிமருந்து எத்தனை நிமிடத்தில் கிடைக்கிறது? முறிவு எக்ஸ்ரேயில் தெரியும், வலிக்கும் என்பதில் விவாதம் இல்லை. முன்னுதாரணமும் உண்டு. 1993இல் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக எமர்ஜென்சி ஒன்றிலிருந்து வந்த ஆய்வில், இப்படி வந்த லத்தீனோ (லத்தீன் அமெரிக்கப் பூர்வீக) நோயாளிகளில் 55 சதவீதத்தினருக்கு வலிமருந்தே கிடைக்கவில்லை; வெள்ளையர்களில் அது 26 சதவீதம். 2000இல் அட்லாண்டாவில் பார்த்தபோது வலிமருந்து பெற்றவர்கள் வெள்ளையரில் 74 சதவீதம், கறுப்பினத்தவரில் 57 சதவீதம். இந்த நேரத்தை மெடிக்கேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) ஒரு காலத்தில் மருத்துவமனைகளிடம் அளவீடாகவே கேட்டு வாங்கியது. அதனால் உங்கள் தரவுப் பிரிவில் பழைய அறிக்கையின் அச்சு கிடக்கக்கூடும். புதிதாக எழுதுவதற்கு முன் கேட்டுப் பாருங்கள்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, மிக முக்கியமானதையே அளக்க ஆசைப்படுவது. பிரசவ மரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் அமெரிக்காவில் 1 லட்சம் பிறப்புக்கு கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் இறந்தனர். வெள்ளையின தாய்மார் 14.5 பேர். இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. ஆனால் ஒரு மருத்துவமனையில் ஆண்டுக்கு ஒன்றோ பூஜ்யமோதான் இருக்கும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக அந்த மரணத்துக்கு முன்னால் நடக்கும் ஒரு முடிவை எடுங்கள். கர்ப்பிணியின் ரத்த அழுத்தம் 160/110ஐத் தொட்டு அப்படியே நின்றால் 30 முதல் 60 நிமிடத்துக்குள் மருந்து கொடுக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். அந்த நிமிடங்களை எண்ணலாம்.

ஒரு விதிவிலக்கு. சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோயின் வலி நெருக்கடியை எடுத்தால், வெள்ளையரோடு ஒப்பிட முயலாதீர்கள். அமெரிக்காவில் அந்த நோயாளிகள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்தான். அங்கே கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள்: 2014ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல், பதிவு செய்ததிலிருந்து 60 நிமிடத்துக்குள் முதல் வலிமருந்து என்கிறது.

3. இனம் என்ற கட்டத்தையே முதலில் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதவர்களை நான் பார்த்ததில்லை. பதிவேட்டில் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஏதோ எழுதியிருக்கிறது, அது சரியாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

அந்தக் கட்டத்தை யார் நிரப்பினார்? நோயாளியைக் கேட்டா, முகத்தைப் பார்த்தா? பதிவு மேசையில் 2 மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். என்னை ஒருமுறை "வேறு" என்று பதிந்திருந்தார்கள். இன்னொரு முறை வந்தபோது "ஆசியர்" ஆகியிருந்தேன். நடுவில் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஒரு சின்னச் சோதனை போதும். அண்மையில் வந்த 50 பேரிடம் "உங்களை எந்த இனத்தவராகச் சொல்வீர்கள்?" என்று நேரில் கேட்டு, பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். கறுப்பினத்தவர், வெள்ளையர் கட்டங்கள் ஓரளவு பொருந்தும். லத்தீனோ, ஆசியர், பூர்வகுடியினர் கட்டங்களில்தான் குளறுபடி அதிகம். ஒத்துப்போகாத கட்டத்தை நம்பி முடிவு எழுதாதீர்கள்.

"தெரியவில்லை" என்று இருக்கும் வரிகளைத் தூக்கிப் போடவும் கூடாது. ஆம்புலன்சில் வந்தவர், நடுராத்திரியில் வந்தவர், ஆங்கிலம் பேசாதவர் இவர்களுடைய கட்டம்தான் காலியாகக் கிடக்கும். அவர்களை நீக்கினால் நீங்கள் தேடும் ஆட்களையே நீக்கிவிடுகிறீர்கள். தனிக் குழுவாக வைத்து எண்ணுங்கள்.

"ஆசியர்" என்ற ஒற்றைக் கட்டத்தில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த மோங் இன அகதியும் இந்திய மென்பொருள் பொறியாளரும் சேர்ந்தே இருப்பார்கள். சராசரி நன்றாகத் தெரியும், உள்ளே ஒரு கூட்டம் மூழ்கிக்கொண்டிருக்கும். பேசும் மொழி, மொழிபெயர்ப்பாளர் தேவையா என்ற கட்டங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டால் இது கொஞ்சம் பிரியும். கூட்டாட்சி அரசு 2024 மார்ச்சில் இனம், பூர்வீகம் இரண்டையும் ஒரே கேள்வியாக்கி, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று தனிப் பிரிவும் சேர்த்தது. உங்கள் மென்பொருள் எந்த வடிவத்தில் இருக்கிறது, நடுவில் எப்போது மாறியது என்று குறித்து வையுங்கள். மாறிய மாதத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் இல்லாத ஏற்ற இறக்கம் தெரியும்.

4. எண்ணுங்கள், ஆனால் அவசரமாகச் சமன்செய்யாதீர்கள்

ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று எண்கள் எடுங்கள். மருந்தே கிடைக்காதவர்கள் எத்தனை சதவீதம்; கிடைத்தவர்களுக்கு இடைநிலை நிமிடம் (எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் நிமிடம்) எத்தனை; மருந்து கொடுத்த பிறகு வலி குறைந்ததா என்று மறுபடி கேட்கப்பட்டவர்கள் எத்தனை சதவீதம். முதல் எண்ணை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுப்பவர்கள் உண்டு. மருந்தே பெறாதவருக்கு நிமிடம் ஏது? அவர் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்.

சராசரியைத் தவிருங்கள். 9 மணி நேரம் காத்திருந்த ஒருவர் போதும், சராசரி எங்கோ போய்விடும்.

கடிகாரம் நோயாளி கதவைத் தாண்டிய நேரத்தில் தொடங்க வேண்டும். டாக்டர் மருந்து எழுதிய நேரத்திலிருந்து எண்ணினால், எழுதப்படும் வரை காத்திருந்த நேரம் எல்லாம் காணாமல் போகும். பெரும்பாலும் இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

ஒரு குழுவில் 11 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணை வெளியிடாதீர்கள். ஆள் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். மெடிக்கேர் தரவுக்கும் இதே வரம்புதான். 30க்குக் கீழே இருந்தால் சதவீதம் போடாமல் இன்னும் சில மாதத் தரவைச் சேருங்கள்.

இப்போது நான் பார்த்ததிலேயே விலை அதிகமான தவறு. ஒரு குழுவின் தரவு ஆய்வாளர், நல்ல திறமைசாலி, 22 நிமிட இடைவெளி ஒன்றைக் கண்டுபிடித்தார். பிறகு காப்பீடு, மொழி, அஞ்சல் குறியீடு, ட்ரையாஜ் நிலை (வந்ததும் அவசரத்தைப் பார்த்துக் கொடுக்கும் எண்), வந்த நேரம் எல்லாவற்றையும் புள்ளியியல் கணக்குக்குள் போட்டுச் சமன்செய்தார், அதாவது இவை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்று பார்த்தார். இடைவெளி காணாமல் போனது. "இனத்தால் வித்தியாசம் இல்லை" என்று அறிக்கை போயிற்று, திட்டம் மூடப்பட்டது.

அவர் போட்ட கணக்கு தப்பில்லை. ஆனால் காப்பீடு, மொழி, குடியிருக்கும் இடம் இவை வழியாகத்தான் இனம் கவனிப்பைத் தொடுகிறது. அந்த வழிகளை எல்லாம் கணக்கில் அடைத்துவிட்டு "ஒன்றும் வரவில்லையே" என்றால் எப்படி வரும்? கட்டமைப்புப் பாகுபாடு என்பதே அந்த வழிகள்தான். ட்ரையாஜ் நிலை இன்னும் நுட்பமானது. 1 முதல் 5 வரை அந்த எண்ணைக் கொடுப்பதே ஒரு மனிதர். அதில் சார்பு இருந்தால், அதை வைத்துச் சமன்செய்வது சார்பைச் சார்பால் கழிப்பது மாதிரி.

எனவே முதல் அறிக்கையில் சமன்செய்யாத எண்ணைப் போடுங்கள். வயது, எந்த எலும்பு என்பவற்றை மட்டும் கணக்கில் எடுப்பதில் தவறில்லை. பிறகு காப்பீடு, மொழி ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதைச் சேர்க்கும்போது இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள். எதைச் சேர்த்ததும் சட்டென்று சுருங்குகிறதோ, திருத்த வேண்டிய இடம் அந்தப் பக்கம் இருக்கிறது.

5. இடைவெளி எந்தக் கட்டத்தில் திறக்கிறது என்று பாருங்கள்

வருகை, ட்ரையாஜ், அறை, டாக்டர் பார்த்தது, மருந்து எழுதியது, மருந்து கொடுத்தது. ஆறு நேரங்கள், நடுவே ஐந்து துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் குழுவாரியாக இடைநிலை நிமிடம் போடுங்கள். உதாரணத்துக்கு, மொத்தம் 25 நிமிட இடைவெளியில் 18 நிமிடம் அறைக்குப் போகும் முன்பே திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் டாக்டர்களுக்கு வகுப்பெடுத்துப் பயனில்லை; அவர்கள் அந்த நோயாளியைப் பார்க்கவே இல்லை.

பகல், இரவு, வார இறுதி என்று ஒருமுறை பிரித்தும் பாருங்கள். இரவில் மட்டும் இடைவெளி இருந்தால் ஆள் எண்ணிக்கையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

6. பதிவுகளைக் கண்ணால் படியுங்கள்

எண் எங்கே என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதிக நேரம் காத்திருந்த 15 பேர், சீக்கிரம் மருந்து பெற்ற 15 பேர் என்று 30 பதிவுகளை எடுங்கள். பெயர், இனம், படம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்கட்டும். படிப்பவருக்கும் சார்பு உண்டு, அதனால்தான் மறைப்பதும் இருவர் படிப்பதும்.

எங்கள் 30இல் ஒன்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்தவர், ஸ்பானிஷ் மட்டும் பேசுபவர். இரவு 7:42க்கு வந்திருக்கிறார். ட்ரையாஜில் வலி எண் கட்டம் காலி. குறிப்பில் ஒரே வரி: "அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். வலி பரவாயில்லை என்று மகன் சொல்கிறான்." மகன் பள்ளிக்கூடப் பையன். 9:20க்கு டாக்டர் வருகிறார். 9:50க்குத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் இணைகிறார். அப்போதுதான் வலி எண் முதன்முறையாகக் கேட்கப்படுகிறது: 9. மருந்து 10:05க்கு.

அந்த ஒரு பதிவை வைத்து எங்கள் குழு ஒரு மணி நேரம் பேசியது. அமைதியாக இருக்கிறார் என்பதை வலி இல்லை என்று படித்தது ஒரு மனத்தின் வேலை. ட்ரையாஜ் மேசையில் மொழிபெயர்ப்புக்கான போன் இல்லாதது மருத்துவமனையின் வேலை. பையனைக் கேட்டது இரண்டும் கலந்தது. மிக அவசரமான சூழல் தவிர, குழந்தையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது கூட்டாட்சி விதி. அந்த நர்ஸுக்கும் அது தெரியும். போன் அடுத்த தளத்தில் இருந்தது.

குறிப்புகளில் வரும் சொற்களையும் எடுத்து எழுதுங்கள்: "ஒத்துழைக்கவில்லை", "மறுக்கிறார்", "வலி என்று சொல்லிக்கொள்கிறார்", "ஆக்ரோஷமாக". 2022இல் சிகாகோவில் ஒரு மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, கறுப்பின நோயாளியின் பதிவில் இப்படி ஓர் எதிர்மறைச் சொல்லாவது இருப்பதற்கான சாத்திய விகிதம் வெள்ளையரைப் போல 2.54 மடங்கு இருந்தது. இச்சொற்கள் எழுதியவரோடு நிற்பதில்லை. ஒரே நோயாளியின் குறிப்பை இரண்டு விதமாக எழுதி மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி டாக்டர்களிடமும் கொடுத்த 2018ஆம் ஆண்டுச் சோதனையில், இழிவுபடுத்தும் சொற்கள் இருந்த குறிப்பைப் படித்தவர்கள் அவரிடம் மோசமான மனப்பான்மை காட்டினார்கள், வலிக்கும் குறைவாகவே மருத்துவம் எழுதினார்கள். முதல் ஷிப்ட் எழுதியதை அடுத்த ஷிப்ட் படித்துவிட்டுத்தான் அறைக்குள் நுழைகிறது.

7. கருவிகளையும் சூத்திரங்களையும் பட்டியலிடுங்கள்

இதை ஏன் தனிப் படியாக வைக்கிறேன் என்றால், பதிவுகளைப் படிக்கும்போது இது கண்ணில் படாது. கருவி காட்டிய எண் பதிவில் உண்மையாகவே உட்கார்ந்திருக்கும்.

விரலில் மாட்டி ரத்த ஆக்ஸிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் மிச்சிகனிலிருந்து வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். ஒளி தோலின் நிறமியைக் கடந்து போக வேண்டியிருப்பதால் வரும் பிழை இது. "92க்குக் கீழே போனால் மட்டும் ஆக்ஸிஜன்" என்று உங்கள் பிரிவில் விதி இருந்தால், அதை எவ்வளவு நேர்மையாகப் பின்பற்றினாலும் பாகுபாடு வந்துசேரும்.

சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கிட 2009இல் வந்த சூத்திரம், கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கியது. காகிதத்தில் சிறுநீரகம் நன்றாகத் தெரிந்தது, மாற்று அறுவைக்கான காத்திருப்புப் பட்டியலில் பெயர் ஏறுவது தள்ளிப்போனது. 2021இல் இனம் இல்லாத சூத்திரம் வந்தது. இதனால் இழந்த காத்திருப்பு நாள்களைக் கறுப்பின நோயாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்கும்படி 2023 ஜனவரியில் மாற்று மையங்களுக்கு உத்தரவு போனது. நுரையீரல் சோதனையிலும் 2023இல் அமெரிக்க மார்பியல் சங்கம் இனம் சேர்க்காத கணக்குக்கு மாறச் சொன்னது. உங்கள் கருவியின் உள்ளே எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று போய்ப் பாருங்கள். மாற்றிவிட்டோம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, பழையது ஓடிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி: இனத்தை உள்ளீடாகக் கேட்கிறதா? யாரை வைத்துச் சோதிக்கப்பட்டது? எதைக் கணிக்கிறேன் என்கிறது, உண்மையில் எதைக் கணிக்கிறது? மூன்றாவது கேள்வியைக் கேட்காததால் நடந்தது 2019இல் வெளிவந்தது. கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று சொல்ல வந்த ஒரு மென்பொருள், நோயின் தீவிரத்துக்குப் பதில் மருத்துவச் செலவைக் கணித்தது. அதில் இனம் உள்ளீடாகவே இல்லை. ஆனால் அதே அளவு நோயுள்ள கறுப்பினத்தவருக்குக் குறைவாகச் செலவிடப்பட்டிருந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்களாகத் தெரிந்தார்கள். அதைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாகும் என்று கணக்கிட்டார்கள்.

8. சார்பா, கட்டமைப்பா என்று பிரியுங்கள்

இதற்கு நான் பயன்படுத்துவது ஒரே கேள்வி. நாளை காலை இந்தப் பிரிவில் உள்ள எல்லோரையும் மாற்றி, துளிகூடச் சார்பில்லாத ஆட்களை வைத்தால் இந்தத் துண்டில் இடைவெளி இருக்குமா? இருக்கும் என்றால் கட்டமைப்பு. போகும் என்றால் சார்பு. போன் அடுத்த தளத்தில் இருந்தால் மகானே வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஐந்தாம் படியில் பிரித்த துண்டுகளுக்குப் பக்கத்தில் இந்த விடையை எழுதுங்கள். பல துண்டுகளில் "இரண்டும்" என்று வரும். பரவாயில்லை.

இந்தக் கூட்டத்தில்தான் "நான் யாரையும் பேதம் பார்ப்பதில்லை" என்று யாராவது எழுந்து சொல்வார்கள். எங்களிடம் 20 ஆண்டு அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் சொன்னார், குரல் நடுங்கியது. வாதாடாதீர்கள். துண்டுகளின் பட்டியலைக் காட்டி, "இதில் உங்கள் கையில் இல்லாதவை எவை, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் நான்கு தடைகளை எழுதினார். அதில் இரண்டு எங்களுக்குத் தெரியவே தெரியாதவை.

9. மாற்றுங்கள், வலுவானதிலிருந்து தொடங்கி

ஒருவர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய மாற்றம் பலவீனமானது. தானாக நடக்கும் மாற்றம் வலுவானது.

எலும்பு முறிவுக்கு வலுவான மாற்றம் ஸ்டாண்டிங் ஆர்டர்: வலி எண் இவ்வளவுக்கு மேல் இருந்தால், டாக்டருக்குக் காத்திராமல் ட்ரையாஜ் நர்ஸே முதல் மருந்தைக் கொடுக்கலாம். ஒவ்வாமை, சிறுநீரக நோய் போன்ற விலக்குகளை அதிலேயே எழுதிவிட வேண்டும். வலி எண் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி செய்வது இரண்டாவது. காணொலி மொழிபெயர்ப்புத் திரையை ட்ரையாஜ் மேசையிலேயே நிறுத்துவது மூன்றாவது.

இப்படிப்பட்ட மாற்றம் பலன் தருமா என்பதற்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை நல்ல சாட்சி. ரத்தக்கட்டு தடுப்பு மருந்து கொடுப்பதில் அங்கே இன இடைவெளி இருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஆபத்துக் காரணிகளை நிரப்பியே ஆக வேண்டும் என்று கணினியில் கட்டாயமாக்கினார்கள். இடைவெளி மறைந்தது. யாருடைய மனத்தையும் மாற்றும் நோக்கம் அதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இன்னொரு சாட்சி வேறு ஊர்களிலிருந்து: தொடக்க நிலை மார்பக, நுரையீரல் புற்றுநோயில் சிகிச்சையை முழுமையாக முடித்தவர்கள் முன்பு வெள்ளையரில் 87.3 சதவீதம், கறுப்பினத்தவரில் 79.8 சதவீதம். வட கரோலினாவிலும் பிட்ஸ்பர்கிலும் நடந்த ஒரு முயற்சியில், நோயாளி வரவேண்டிய நாளில் வராவிட்டால் உடனே எச்சரிக்கும் முறையும், பின்தொடர்ந்து பேசப் பயிற்சி பெற்ற ஒரு துணையும் சேர்த்தார்கள். அது 89.5, 88.4 என்று ஆயிற்று. இருவருக்குமே உயர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு மாதத்தில் ஒரு மாற்றம் மட்டும். மூன்றையும் ஒரே நாளில் புகுத்தினால் எது வேலை செய்தது என்று தெரியாது, ஷிப்டில் இருப்பவர்களும் மூன்றையும் வெறுப்பார்கள்.

10. இப்போது பயிற்சி

கலிபோர்னியாவும் மிச்சிகனும் 2022 முதல் உள்ளார்ந்த சார்பு பற்றிய பயிற்சியைச் சட்டமாகவே கேட்கின்றன, எனவே எப்படியும் நடக்கும். எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்து நடத்துங்கள். மனச் சார்பைக் குறைக்கும் 9 உத்திகளை ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், எல்லாமே அந்த நேரத்துக்குப் பலித்தன. சில மணி நேரம் முதல் சில நாள்களுக்குள் ஒன்றுகூட நிற்கவில்லை. கணினியில் சொற்களையும் முகங்களையும் வேகமாகப் பொருத்தச் சொல்லும் சார்புச் சோதனையை வைத்து ஒருவருக்கு மதிப்பெண் போடாதீர்கள். ஒரே ஆள் இரண்டு முறை செய்தால் இரண்டு விடை வரலாம். பேச்சைத் தொடங்கிவைக்க மட்டும் அது போதும்.

என் அனுபவத்தில் பயன்பட்டது இரண்டு. ஒன்று, பெயர் மறைத்த சொந்தப் பதிவுகளையே வகுப்பில் படிப்பது. அந்த 7:42 பதிவைப் படித்துக்காட்டிய அன்று கேள்வி கேட்காமல் யாரும் எழுந்து போகவில்லை. மற்றொன்று, குறிப்பிட்ட பொய் நம்பிக்கைகளை நேராக உடைப்பது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2016இல் வந்த ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி டாக்டர்களிலும் பாதிப்பேர் "கறுப்பினத்தவரின் தோல் தடிமன்" போன்ற ஒரு பொய்யையாவது உண்மை என்று நம்பினார்கள். அப்படி நம்பியவர்களின் வலி மதிப்பீடும் சிகிச்சையும் பிசகின. "எல்லோரும் சமம்" என்று பொதுவாகச் சொல்வதைவிட "தோல் தடிமன் பொய்" என்று சொல்வது காதில் ஏறுகிறது.

11. மீண்டும் அளவிடுங்கள், ஒப்படையுங்கள்

அதே மூன்று எண்கள், அதே கடிகாரம், மாதந்தோறும். குழுவுக்கு ஒரு கோடாக ஒரே வரைபடத்தில் போடுங்கள். இரண்டு கோடுகளின் வித்தியாசத்தை மட்டும் போட்டால் ஒன்று மறைந்துவிடும்: வெள்ளையருக்கும் கவனிப்பு மோசமானால்கூட இடைவெளி சுருங்கும். ஆள் குறைந்த ஒரு டிசம்பரில் இதை நேரில் பார்த்தேன். வித்தியாசம் பூஜ்யத்தை நெருங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள். கோடுகளைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லோருமே அதிக நேரம் காத்திருந்தார்கள்.

எதிர்விளைவுக்கும் ஓர் அளவு வையுங்கள். ஸ்டாண்டிங் ஆர்டர் வந்த பிறகு மருந்தால் மூச்சு மந்தமானவர்கள், ஒவ்வாமை வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இந்த எண் கையில் இல்லாவிட்டால் ஒரே ஒரு சம்பவம் திட்டத்தை நிறுத்திவிடும்.

ஆறு மாதம் கோடுகள் ஒன்றாக ஓடினால் அடுத்த முடிவை எடுக்கலாம். அதற்கு முன், இந்த அறிக்கையை இழுக்கும் நிரலைத் தனிநபர் கணினியிலிருந்து மருத்துவமனையின் வழக்கமான மாதாந்தர அறிக்கைக்குள் மாற்றிவிடுங்கள். எங்கள் தரவு ஆய்வாளர் வேலை மாறிப் போனபோது நான்கு மாதம் எண்ணே வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இப்போது ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி அது எமர்ஜென்சித் தலைவருக்கும், வெள்ளைப் பலகையில் தடைகளை எழுதிய அந்த நர்ஸுக்கும் தானாகப் போகிறது. வராவிட்டால் நர்ஸ் போன் செய்துவிடுகிறார்.